நட்சத்திர இரவின் மேடையில் ஒரு நாற்காலி வேண்டும்

நம் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றின் கட்டட நிதிக்காக நட்சத்திர இரவு நடத்தவிருக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

சுங்கை சிப்புட் பசார்ச் சந்தைக்கு எதிரே நான் வழக்கமாக வெற்றிலை வாங்கும் கடையின் கண்ணாடியில் உங்கள் சுவரொட்டி ஒட்டப்பட்டிருக்கக் கண்டேன். சென்னையிலிருந்து ஒரு சீரியல் நடிகையை மலேசியாவுக்கு, நம் ஊருக்கே அழைத்து வருகிறீர்கள் என்பதையும், நுழைவுச்சீட்டு 30 வெள்ளி (ரிங்கிட்), அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள 50 வெள்ளி, முன்வரிசையில் பத்துப் பேர் அமரும் மேசைக்கு 800 வெள்ளி என்பதையும் அதில் படித்தேன். இவை எதிலும் எனக்குக் குறையில்லை. மழை பெய்தால் வாளி வைக்க வேண்டிய வகுப்பறைகளில் பாடம் நடத்தியவள் நான். நிதி திரட்டுவதன் அருமையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நடிகையின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். ஊர் முழுக்க அவர் முகம் ஒட்டப்பட்டிருக்கும்போது பெயர் எதற்கு?

என்னை எழுத வைத்தது சுவரொட்டியின் அடியில் சிவப்பெழுத்தில் அச்சாகியிருக்கும் சிறப்பு அங்கம். குலுக்கலில் பெயர் விழும் ஐந்து பேர் மேடையேறி, தொடரில் அவர் தம் மருமகளுக்குச் செய்யும் கொடுமைகளுக்காக அவரை நேருக்கு நேர் நின்று வாயாரத் திட்டலாம் என்றும், மிக நன்றாகத் திட்டியவருக்கு ஒரு ரைஸ் குக்கர் பரிசு என்றும், அதன் பிறகு அவர் இரண்டு பாட்டுகளுக்கு ஆடுவார் என்றும் போட்டிருக்கிறீர்கள். நான் அதை இரண்டு முறை படித்தேன். கடைக்காரத் தம்பி, "டீச்சர், நீங்களும் சீட்டு வாங்கிக்கிறீங்களா, உங்களுக்குத்தான் நல்லாத் திட்ட வருமே" என்று சிரித்தார். அவரும் என் மாணவர்தான்.

என் கோரிக்கை ஒன்றே. அந்தத் திட்டும் அங்கத்தை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் மேடையின் நடுவே ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, அவர் பார்க்கும் வேலையைப் பற்றி அவரையே ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் உரிமையை நம் ஊர்ப் பெண்களுக்கு, முதன்மையாக ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டி ஓய்ந்த பெண்களுக்குக் கொடுங்கள். இப்படிக் கேட்பதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இம்மடல் நீள்கிறது. உங்கள் குழுவில் மூவர் என்னிடம் படித்தவர்கள் என்பதால், எங்கேனும் வகுப்பறைக் குரல் ஏறி ஒலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். என் அம்மா முப்பத்தோர் ஆண்டுகள் பால் வெட்டினார். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறி, டவுனை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு மலிவுவிலை வீட்டுக்குக் குடிவந்தோம். வேலையும் இல்லாமல், அடுத்த வீட்டுப் படியில் போய் உட்கார்ந்து பேசும் லய வாழ்க்கையும் இல்லாமல் அம்மா தவித்த அந்த நாள்களில்தான் 'சித்தி' தொடர் வந்தது. சென்னையில் இரவு ஒன்பதரை மணிக்கு ஒளியேறும் நாடகம் இரண்டரை மணி நேரம் முந்திய நமக்கு நள்ளிரவு. விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு அதுவரை விழித்திருக்காது. ஆகவே டவுனில் ஒரு கடையில் வாடகைக்குக் கிடைத்த ஒளிநாடாக்களை வாரம் ஒரு முறை எடுத்து வந்து, ஐந்து நாள் கதையை ஒரே மூச்சில் பார்ப்பார். பக்கத்து வீடுகளிலிருந்தும் நான்கைந்து பேர் வருவார்கள்.

அப்படிப் பார்க்கும்போது ஒரு நாள் அம்மா சொன்னது என் நினைவில் நிற்கிறது. மற்றவர்கள் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று வாதாடிக்கொண்டிருக்க, அவர் மட்டும், "மூணு நாளா அதே சேலைதான் கட்டியிருக்கா, பாத்தீங்களா? எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்திருப்பாங்க. எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போனாளோ, எப்ப விட்டாங்களோ" என்றார். பெரட்டு என்ற சொல் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இருட்டு விலகாத காலையில் தோட்டத்து மக்கள் திடலில் கூடி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக்கொண்டு போகும் அந்த ஆள்கணக்குத்தான் பெரட்டு. திரையில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை என் அம்மா முதலில் பெரட்டுக்குப் போகும் பெண்ணாகப் பார்த்தார். நீங்களும் அப்படிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்தத் தொடரின் நாயகி ராதிகாவின் தொழில் வாழ்க்கையை ஒரு கணக்குப் புத்தகம்போலப் புரட்டிப் பார்த்தால் சில செய்திகள் விளங்கும். எம்.ஆர். ராதாவின் மகளான அவர், 1978இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக அறிமுகமானார். நம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி அந்தப் படத்தைக் காட்டியபோது, பாய் விரித்துப் பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அடுத்த இருபது ஆண்டுகளும் அவர் தொடர்ந்து திரையில் இருந்தார். நடித்ததோடு நிற்காமல், 1985இல் 'மீண்டும் ஒரு காதல் கதை' என்ற படத்தைத் தயாரிக்கவும் செய்தார்; இயக்குநர் ஒருவரின் சிறந்த முதற்படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் சினிமாவுக்குப் பெண்களின் வயது விஷயத்தில் ஓர் இரக்கமற்ற கணக்கு உண்டு. கதாநாயகன் ஐம்பதிலும் கல்லூரிக்குப் போவான். அவனோடு ஆடிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டால் அம்மா வேடம் தயாராக இருக்கும். 1998இல் வந்த 'ஜீன்ஸ்' படத்தில் ராதிகா நடித்ததும் இளையவர்களின் அம்மா தலைமுறைப் பாத்திரத்தில்தான்.

அதற்கு மறு ஆண்டு, 1999 டிசம்பரில், சன் டிவியில் 'சித்தி' தொடங்கியது. நம் கதைகளில் மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்றிருந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்டு, மனைவியை இழந்தவரை மணந்து அவர் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்கும் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்திய தொடர் அது. சினிமா ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கிய வயதில் ஒரு பெண் மீண்டும் கதையின் நடுவுக்கு வந்தார். அது 2001 வரை ஓடியது. பின்னர் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கள் வந்தன. 2013இல் தொடங்கி 2018 வரை ஓடிய 'வாணி ராணி'யில் வழக்கறிஞரான ஒருத்தி, குடும்பத்தலைவியான மற்றொருத்தி என இரட்டைச் சகோதரிகள் இருவருமாக அவரே நடித்தார். 2020 ஜனவரியில் 'சித்தி'யின் இரண்டாம் பாகம் தொடங்கியது. முதல் பாகத்தை ஒளிநாடாவில் பார்த்த என் அம்மா இரண்டாம் பாகத்தைப் பார்க்க உயிரோடு இல்லை.

இவ்வளவு நீண்ட காலம் ஒரு பெண் நிலைத்து நின்றதற்கு நடிப்பாற்றல் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம் வேறு. அந்தத் தொடர்களை அவர் ராடான் என்னும் தம் சொந்த நிறுவனத்தின் வழியாகவே தயாரித்தார். அவரை நீக்கிவிட்டு இன்னொருவரைப் போடும் அதிகாரம் படைத்த முதலாளி அவரேதான். நம் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து இந்நாட்டு இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டினால் பால் வெட்டுகிறவனே தோட்டத்துக்குப் பங்காளியாகலாம் என்று வீடு வீடாகச் சொன்னார் அல்லவா? வெட்டுகிற மரம் யாருடையது என்ற கேள்விதான் சீரியலிலும் இருக்கிறது. ராதிகா தம் சொந்த மரத்தை வெட்டியவர். அவரைக் காட்டி, சீரியல் நடிகைகள் எல்லாரும் வசதியாக இருக்கிறார்கள் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன். உங்கள் சுவரொட்டியில் இருப்பவர் சொந்த மரம் இல்லாதவர்களில் ஒருவர்.

அத்தகையவர்களின் வேலை எப்படிப்பட்டது? தேவயானியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். 1996இல் 'காதல் கோட்டை'யில் கண்டவரை, 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' தொடரில் அபியாக நம் வீட்டுப் பெண்ணாகவே ஆக்கிக்கொண்டோம். அந்தத் தொடர் 1,533 எபிசோடுகள் ஓடியது. விளம்பரம் போக ஓர் எபிசோடுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. இரண்டரை மணி நேரப் படங்களாகப் பிரித்தால் இருநூறு படங்களுக்கு மேல். ஆறே ஆண்டுகளில் இருநூறு படங்களின் அளவுக்கு உழைத்த நடிகர் சினிமாவில் யாரும் உண்டா? ஆனால் சினிமாக்காரருக்குச் சிலை வைப்போம். சீரியல்காரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'சும்மா அழுகிறாள்' என்று உதட்டைப் பிதுக்குவோம். நானும் ஆசிரியர் அறையில் அப்படிப் பேசியவள்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சினிமாவில் ஒரு நாளில் இரண்டு மூன்று காட்சிகள் எடுத்தால் போதும். சீரியலில் நாள்தோறும் ஓர் எபிசோடு ஒளியேறியாக வேண்டும் என்பதால், காலையில் மேக்கப் போட்டு உட்கார்ந்த நடிகை இரவு வரை காட்சி மாற்றிக் காட்சி நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாதான் படப்பிடிப்புத் தளம். அதன் கூடத்தில் கல்யாணப் பேச்சும், மாடியில் சதித்திட்டமும், பின்கட்டில் சாவு வீடும் ஒரே நாளில் நடக்கும். வசனத்தை முன்னிரவே படித்து மனப்பாடம் செய்யும் வசதி பல நேரங்களில் இருப்பதில்லை. எழுதி வந்த தாளை உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று பிராம்ப்ட் செய்ய, அதைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணில் நீரும் வரவழைக்க வேண்டும். முதன்மைப் பாத்திரம் அல்லாதவர்கள் பலர் தம் சேலை நகைகளைத் தாமே பெட்டியில் கட்டிக் கொண்டுபோகிறார்கள். சம்பளம் பெரும்பாலும் நாள் கணக்கு. மாதத்தில் எத்தனை நாள் கால்ஷீட் விழுகிறதோ அத்தனை நாளுக்குத்தான் காசு. கதையில் அந்தப் பாத்திரத்தை வெளியூருக்கு அனுப்பிவிட்டால் நடிகைக்கு வேலை இல்லை.

மழை விழுந்த நாளில் மரம் வெட்ட முடியாமல், அன்றைய கூலிக்குப் பேர் விழாமல், சம்பள நாளில் கணக்குக் குறைந்து நின்றவர்களின் பிள்ளைகள் நாம். தினக்கூலியை மாதச் சம்பளமாக்கக் கேட்டு நம் தொழிலாளர்கள் எத்தனை ஆண்டுகள் மன்றாடினார்கள் என்பதை உங்கள் அப்பா அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த அனுபவம் உள்ள ஊருக்கு, நாள் கணக்கில் கூலி வாங்கும் ஒரு பெண்ணைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது. 2020 மார்ச்சில் கோவிட் காரணமாகச் சென்னையில் படப்பிடிப்புகள் நின்றபோது, ஒளிபரப்ப எபிசோடுகள் இல்லாமல் அலைவரிசைகள் பழைய தொடர்களை மறுபடி எடுத்துப் போட்டன. 'மெட்டி ஒலி'யும் அப்படி மறுபடி வந்தது. நாமும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அவற்றைப் பார்த்து மகிழ்ந்தோம். பழைய உழைப்பு மறுபடி ஒளியேறும்போது அதில் நடித்த பெண்ணுக்கு அதற்கெனப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது 'இவருக்குப் பதில் இவர்' என்ற அந்த ஒற்றை வரி. முதல் நாள் வரை ஒரு முகத்தை அண்ணி என்றும் மாமியார் என்றும் பார்த்திருப்போம். மறுநாள் திரையில் இரண்டு படங்களைப் போட்டு, இன்று முதல் இவருக்குப் பதில் இவர் என்று அறிவித்துவிடுவார்கள். அந்த வீட்டில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. கணவன் புது முகத்தைப் பார்த்து, நேற்று விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வான். பார்க்கிற நாமும் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வோம். போனவர் ஏன் போனார், கர்ப்பமானாரா, உடம்பு முடியவில்லையா, சம்பளம் கேட்டாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியவருவதில்லை. என் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப் படுத்த மாதத்தில் அவர் வெட்டி வந்த மரவரிசையான நிரையை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மரங்களுக்கு ஆள் மாறியது தெரியவில்லை என்று அவர் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்தார் என்றுதான் எழுதுகிறேன். அது என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குரலைப் பற்றியும் ஒரு சொல். நீங்கள் மேடையில் அவரைத் தொடர் வசனம் பேசச் சொல்வீர்கள். கூட்டம் அதைக் கேட்டு ஆரவாரம் செய்யக் காத்திருக்கும். ஆனால் தமிழ்த் தொடர்களில் நடிப்பவர்கள் பலர் கன்னடமோ மலையாளமோ தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பதாலும், படப்பிடிப்புத் தளத்து இரைச்சலாலும், நாம் கேட்கும் குரல் வேறொரு பெண்ணுடையதாக இருப்பது உண்டு. அந்தக் குரல்காரியின் முகம் நமக்குத் தெரியாது. சினிமாவிலும் இது புதிதன்று. 1985இல் வந்த 'முதல் மரியாதை'யில் ராதாவுக்குக் குரல் கொடுத்தவர் இதே ராதிகாதான்; சீரியல்களில் நடித்து நம் வீடுகளுக்குத் தெரிந்த தீபா வெங்கட், நயன்தாராவுக்குக் குரல் கொடுத்தவர். உங்கள் விருந்தினர் மேடையில் வாய் திறக்கும்போது தொலைக்காட்சியில் கேட்ட குரல் வராமல் போனால், கூட்டத்திலிருந்து யாராவது 'இது டூப்பு' என்று கூச்சலிடக்கூடும். ஐந்து பேர் திட்டி முடித்த பிறகு அதையும் அவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா?

இனி வில்லி விஷயத்துக்கு வருகிறேன். எதிர்மறைப் பாத்திரத்தில் நடிப்பவரை ஊர் திட்டுவது அவர் நடிப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய வேண்டுமானால் நம் ஊரிலேயே ஓர் அம்மா இருக்கிறார், அவரிடம் கேளுங்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மகன் வீட்டில் இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார். இளம் வயதில் தோட்டத்து மேடை நாடகங்களில் நடித்தார். பிறகு கோலாலம்பூரில் அரசு ஒலிபரப்பு நிலையம் உள்ள அங்காசாபுரிக்குப் போய் வானொலி நாடகங்களிலும், அரசின் ஆர்டிஎம் தொலைக்காட்சியின் தமிழ் நாடகங்களிலும், அஸ்ட்ரோ என்னும் கட்டணத் தொலைக்காட்சி வந்த பின் உள்ளூர்த் தொடர்கள் சிலவற்றிலும் நடித்தவர். ஒலிப்பதிவு நாளில் விடியற்காலை பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய், இரவு பஸ்ஸில் ஈப்போ வந்திறங்கி, அங்கிருந்து யாராவது ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கிடைத்த பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக, பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் பலகாரம் வாங்கும் அளவுக்கு மிஞ்சும் என்பார்.

ஒரு தொடரில் அவருக்கு மருமகளைப் பட்டினி போடும் மாமியார் வேடம் கொடுத்தார்கள். அது ஒளியேறிய மாதத்தில் பசாரில் மீன் விற்ற அம்மா, நல்ல கெம்போங் மீனைத் தட்டுக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டு, 'உங்களுக்கெல்லாம் மீன் கெடையாது, முதல்ல அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுங்க' என்று சொன்னாராம். இதை அவர் மிக அழகாக நடித்துக் காட்டுவார். கேட்பவர் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் அதே மாதத்தில் அவர் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்த குடும்பம் வரவில்லை. தரகர் வந்து, 'அவங்க வீட்டுப் பெரியம்மா நாடகம் பாக்குறவங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் நடித்துக் காட்டுவதில்லை. ஒரே ஒரு முறை, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, என்னிடம் சொன்னார். மகளுக்குப் பின்னர் நல்ல இடம் அமைந்தது, அது வேறு கதை. ஆனால் உங்கள் சிறப்பு அங்கத்தைப் பற்றி நான் அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. 'ரைஸ் குக்கரா?' என்று மட்டும் கேட்டார்.

ஆகவே என் கோரிக்கையோடு ஓர் உட்கோரிக்கையும் சேர்ந்துகொள்கிறது. மேடையில் நாற்காலி ஒன்று போடுவதற்குப் பதில் இரண்டாகப் போட்டு, அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தமிழ்நாட்டு நடிகைக்கு விமானச்சீட்டும் ஈப்போவில் நல்ல ஹோட்டலும் கொடுக்கும் குழு, இவருக்கு வீட்டிலிருந்து ஒரு காரும் ஒரு சால்வையும் கொடுக்க முடியும். அவருக்கும் ஒரு தொகை கொடுங்கள், சால்வையோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த நாட்டுக் கலைஞருக்கு மேடை மரியாதையைக் கொடுத்துவிட்டு உறையைக் கொடுக்க மறந்துவிடுவது நம் சங்கங்களின் பழைய வியாதி.

பேச்சுக்கு யார் பணம் கொடுத்து வருவார்கள் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. படம் எடுத்துக்கொள்ளும் கட்டணத்தை நான் எதிர்க்கவில்லை. நடனம் வேண்டுமென்றால், அவர் தாமாகவே சம்மதித்தால், அதுவும் இருக்கட்டும். ஆனால் இந்த ஊரில் தொடர் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்த பெண்கள். அவர்கள் 800 வெள்ளி மேசை வாங்க மாட்டார்கள். 30 வெள்ளிக்குச் சீட்டு வாங்கி, பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப்போகிறவர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாலை தவறாமல் திரையில் வரும் இந்தப் பெண்களோடு வாழ்ந்த அவர்களுக்குக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. எங்கள் தாமானில் கடந்த இரண்டு வாரமாக நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். கிளிசரின் போட்டால் கண் எரியாதா? அறை வாங்கும் காட்சியில் உண்மையாகவே அடிப்பார்களா? காலையிலிருந்து இரவு வரை பட்டுச்சேலையில் நின்றால் கால் என்ன ஆகும்? பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறீர்கள்? சம்பளம் தராமல் இழுத்தடித்தால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டவர் முப்பது ஆண்டு தொழிற்சங்க உறுப்பினராக இருந்தவர். சென்னையில் சின்னத்திரை நடிகர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னவுடன், 'சந்தா எவ்வளவு?' என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பள்ளிப் பிள்ளைகளும் வரட்டும். ஆறாம் ஆண்டு மாணவிகளில் நால்வர் பெரியவளானதும் நடிகையாக வேண்டும் என்று எழுதியிருப்பதாக இப்போதைய ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார். வேண்டாம் என்று தடுக்கும் வயதை நான் கடந்துவிட்டேன். அந்த வேலையில் காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதையும், ஒப்பந்தத் தாளில் எதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும், ராதிகாவைப் போலச் சொந்தமாகத் தயாரிப்பதற்கு என்ன படிக்க வேண்டும் என்பதையும் அந்த வேலையைப் பார்க்கிற ஒருத்தி வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.

விருந்தினரின் மேலாளரோடு நீங்கள் பேசி முடித்த நிகழ்ச்சி நிரலில் இந்தத் திட்டும் அங்கம் இருக்கிறதா, அவருக்கு அது முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதையும் அறிய விரும்புகிறேன். சொல்லப்படவில்லை என்றால் இன்றே சொல்லிவிடுங்கள். மேடையில் ஏறிய பிறகு ஒரு பெண் மறுக்க முடியாது என்பதை நம்பி நிகழ்ச்சி அமைப்பது முறையன்று. சுவரொட்டிகள் அச்சாகிவிட்டனவே என்று கவலைப்பட வேண்டாம். அந்தச் சிவப்பு வரிகளின்மேல் ஒட்டுவதற்கு வெள்ளைத்தாளை அளவாக நறுக்கித் தர எங்கள் தாமான் பெண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பசையும் அவர்களே காய்ச்சுவார்கள்.

உங்கள் அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மண்டபத்தில் என்று அறிந்தேன். கேள்வித் தாள்களோடு நானும், அவருக்கு முடிந்தால் அந்த அம்மாவும் வருகிறோம். அவருக்கு முழங்கால் வலி இருப்பதால் மாடியில் கூட்டம் வைக்காமல் கீழ்த்தளத்தில் வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.